எந்த மாதம், எந்தப் பக்கம்? தேயிலை ருசிக்க மலையகம் போகிறவர்களுக்கு

வட்டவளையில் தொடங்கிய மழை ஹட்டனில் நிற்கவில்லை. நோர்வூட்டிலும் நிற்கவில்லை. ஓகஸ்ட் மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மச்சானின் பிள்ளைகள் வேன் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். "மலை எங்க மாமா?" என்று சின்னவன் கேட்டான். மலைக்குள்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, பூட்டு. அதற்கடுத்த நாளும் மழை. கடைசியில் டவுனில் ஒரு கடையில் ஆளுக்கொரு கோப்பை வாங்கிக் கொடுத்தேன். மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இவ்வளவு தூரம் வந்து குடிக்கிற இந்தத் தேத்தண்ணி எங்கட சந்திக் கடையிலயும் இருக்குமெல்லோ?"

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அம்மா 27 வருஷம் கொழுந்து எடுத்தவர். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அக்கா சொன்னது நியாயம்தான். தோட்டத்தில் மாதா மாதம் கொடுத்த தூளைச் சீனி போட்டுக் குடித்து வளர்ந்த எனக்கே, நல்ல தேயிலை எங்கே, எப்போது கிடைக்கும் என்று அதுவரை தெரியாது. அன்றைக்கு ராத்திரி ஸ்டோரில் உதவி டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஓகஸ்ட்ல ஏன்டா இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்த? வெலிமடைப் பக்கம் எறங்கியிருந்தா வெயிலு. ஊவாவுல இப்பத்தான்டா தேயிலை மணக்குற நேரம்."

பிறகு அவரிடம் பாடம் கேட்டு இரண்டு முறை சரியாகப் போய்வந்தேன். நீங்கள் முதல் முறையே சரியாகப் போக, கீழே உள்ளது.

1. முதலில் பக்கத்தை முடிவு செய்யுங்கள்

மலையகம் ஒரே ஊர் போலத் தோன்றும். அப்படியல்ல. நடுவில் நிற்கும் உயர்ந்த மலைத்தொடர் ஒரு மதில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து மேற்குப் பக்கத்தில் கொட்டும்: கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை. மதிலைத் தாண்டும்போது அந்தக் காற்றில் ஈரம் இராது. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்று. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பதும் மட்டக்களப்பார் கச்சான் என்பதும் இந்தப் பருவத்துக் காற்றைத்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது நிலைமை தலைகீழ்: கிழக்குப் பக்கம் ஈரம், மேற்குப் பக்கம் பகலில் வெயில், இரவில் கடுங்குளிர்.

தேயிலைச் செடிக்கு இந்த வறட்சிதான் சங்கதி. மழை கொட்டும்போது கொழுந்து மளமளவென்று வளரும், கிலோ ஏறும், வாசம் இறங்கும். வறண்ட காற்றும் குளிரும் வந்தால் வளர்ச்சி மெதுவாகி, வாசம் இலைக்குள் கூடும். ஊவாத் தேயிலையில் அந்த மாதங்களில் மட்டும் வரும், சித்தாலேபத் தைலம் போல மெல்லிய குளிர்ந்த மணம் இதனால் வருவதுதான். வெளிநாடுகளில் திராட்சை மதுவைத் தேடி ஊர் ஊராகப் போவார்கள் அல்லவா, இதுவும் அதே கதை. ஒரே செடி, பத்து மைல் தள்ளினால் வேறு சுவை.

ஆகவே கணக்கு இதுதான்:

ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்றால் மேற்குப் பக்கம், அதாவது திம்புளை வட்டாரம்: ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவ, கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை. கூடவே நுவரெலியா.

ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் என்றால் கிழக்குப் பக்கம், ஊவா: ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பசறை. அதோடு நுவரெலியாவுக்குக் கிழக்கே ராகலை, உடப்புசல்லாவ.

கண்டியைச் சுற்றி, ஹந்தானை, புசல்லாவ, கம்பளைப் பக்கம் இருப்பது பெரும்பாலும் நடுத்தர உயரத் தேயிலை. அங்கே பருவம் இவ்வளவு கறாராக இல்லை.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஒக்டோபர், நவம்பர்: பின்னேரம் பின்னேரம் இடியும் மழையும், மண்சரிவு பயம் வேறு. மற்றது ஏப்ரல்: நுவரெலியாவில் சீசன். பூவும் குதிரையும் பார்க்க வேண்டுமென்றால் போங்கள், தேயிலைக்குப் போகாதீர்கள். ஒரு அறையின் வாடகையில் மற்ற மாதங்களில் மூன்று நாள் தங்கலாம்.

மதில் இருப்பதை நம்ப முடியாதவர்களுக்கு ஒரு இடம் சொல்கிறேன். பதுளை ரயிலில் பட்டிப்பொல ஸ்டேஷன் வரும். இலங்கையில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் இல்லை. அதைத் தாண்டி ஒஹியவுக்கு முன் ஒரு சுரங்கம். இரண்டாம் பயணத்தில் நாங்கள் நுழையும்போது ஜன்னல் கம்பியில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. இருட்டுக்குள் பிள்ளைகள் கூச்சல் போட்டு முடித்து வெளியே வந்தால், பள்ளத்தாக்கு முழுக்க வெயில். கம்பியில் துளி இன்னும் காயவில்லை.

2. பிறகு கிழமையைப் பாருங்கள்

மாதம் சரியாக இருந்து கிழமை பிழைத்தாலும் பயணம் வீண். போயா அன்று பெரும்பாலும் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காத தோட்டமென்றால் திங்கட்கிழமை காலையில் ஸ்டோரில் மெஷின் ஓடாது. இது பலருக்குத் தெரியாத பொறி. பறித்த கொழுந்தை இராமுழுக்க, 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல், காற்றடித்து வாட்டிய பிறகுதான் உருட்டுவார்கள். நேற்று கொழுந்து இல்லையென்றால் இன்று உருட்ட ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை போனால் வழிகாட்டி நிற்கும் மெஷினைக் காட்டி, "இது இப்படி ஓடும்" என்று கையால் சுற்றிக் காட்டுவார்.

செவ்வாய் முதல் சனி வரை, அதுவும் காலையில் போங்கள். எட்டு எட்டரைக்கு ஸ்டோர் வாசலில் நிற்க வேண்டும். உருட்டும் வேலை விடியற்காலையில் தொடங்கிவிடும். மதியத்துக்குப் பிறகு பெரும்பாலும் சலிப்பதும் கூட்டுவதும்தான் பார்க்கக் கிடைக்கும்.

இன்னொன்று. டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் சனி ஞாயிறும் போயா நீள்விடுமுறையும் அறை கிடைக்காது, பாதையில் பஸ்கள் வால் பிடித்து நிற்கும். திம்புளையின் நல்ல மாதங்களும் இதே காலம்தான் என்பதால் வாரநாளைத் தெரிவு செய்யுங்கள்.

3. இரண்டு அட்டைகள்

மலையகத்துக்கு இரண்டு அட்டை முக்கியம். ஒன்று மறக்கக் கூடாதது, மற்றது ஒட்டக் கூடாதது.

அடையாள அட்டையை ஆளாளுக்குக் கையில் வைத்திருங்கள். ரயில் முன்பதிவுக்கு இலக்கம் கேட்பார்கள், தங்கும் இடத்திலும் கேட்பார்கள். நுழைவுக் கட்டணம் உள்ள இடங்களில் உள்ளூர் விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்களோடு வந்த கனடாச் சித்தி நல்ல யாழ்ப்பாணத் தமிழில் வாதாடிப் பார்த்தார். கவுண்டரில் தமிழ் செல்லவில்லை, அட்டைதான் செல்லும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அட்டையை அல்லது பாஸ்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். மற்றவர்கள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் பிரதியெடுத்துத் தனியாக வைத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து தாங்களே வாகனம் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு: உங்கள் நாட்டு லைசன்ஸ் மட்டும் போதாது. இலங்கையில் ஓட்டுவதற்கான அனுமதியை முதலே எடுக்க வேண்டும். எடுத்தாலும், கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது பின்னால் எடுக்கத் தெரியாவிட்டால் ஓட்ட வேண்டாம். மலைப்பாதையில் ஓடிப் பழகிய சாரதியை அமர்த்துங்கள்.

மற்ற அட்டை இரத்தம் குடிப்பது. மழை பெய்த தேயிலைக்குள் நடந்தால் ஏறும். கணுக்காலில் உப்புத் தண்ணீரோ சவர்க்காரமோ தடவிக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பிய்க்காமல் உப்பைத் தூவுங்கள், தானாக விழும்.

4. போகும் வழி

கொழும்பிலிருந்து ஹட்டன் பக்கத்துக்கு அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஏறலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் ஏ9 வழியாகக் கண்டிக்கு வந்து, கம்பளை, புசல்லாவ, இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறுவது நேர்வழி. மட்டக்களப்பார் கண்டியைச் சுற்றவே வேண்டாம். செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி உங்களை நேரே ஊவாவில் கொண்டுபோய் விடும். இருந்தும் கண்டி வழியாகச் சுற்றி வந்து களைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூரத்தை வரைபடத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். மலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள், மிஞ்சினால் இலாபம். ஒரே நாளில் ஹட்டன், நுவரெலியா, எல்ல மூன்றையும் பார்த்துவிடலாம் என்று யாராவது திட்டம் கொடுத்தால், அவர் உங்களுக்கு வேனின் சீட்டைத்தான் காட்டப் போகிறார். பிள்ளைகளுக்குத் தலைசுற்று மாத்திரை, புளிப்பு இனிப்பு, இரண்டு மூன்று பொலித்தீன் பை.

ரயில் அழகு. ஆனால் முன்பதிவு ஒரு தலையிடி. சாதாரணமாக ஒரு மாதத்துக்கு முன் பதிவு திறக்கும், திறந்த சில நிமிடங்களில் நல்ல இருக்கைகள் தீர்ந்துவிடும். பிறகு ஆள் மூலம் இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலைக்கு வரும். அதை வாங்காதீர்கள். டிக்கட்டில் உள்ள அட்டை இலக்கம் உங்களுடையதாக இராது, பரிசோதனையில் மாட்டுவது நீங்கள்தான். முழுத்தூரத்துக்குப் பிடிவாதம் பிடிக்காமல் நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளை வரை மட்டும் முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பில் போங்கள். மேலே சொன்ன சுரங்கம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. வேனைச் சாரதி அங்கே கொண்டுவந்துவிடுவார்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டே அறை பதிவு செய்யுங்கள். மழை பிடித்தால் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. சிவப்பு விழுந்த பிரதேசத்துக்குள் "கொஞ்சத் தூரம்தானே" என்று போகக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

உடுப்பு: பதுளையில் பகல் வியர்க்கும், நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி நிற்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு காலைப் பயணம்தான். போர்வையைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்.

5. தேயிலை மலைக்குள்

முதல் முறை வருகிறவர்கள் வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடி, கொழுந்து எடுக்கும் பெண்களோடு நின்று படம் எடுப்பார்கள். நான் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் "பேர்". காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்குப் போன பிறகு, அன்றைய கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். அது 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். குறைந்தால் அரைப் பேர் விழும். அரைப் பேர் என்றால் அரைச் சம்பளம். நீங்கள் பத்து நிமிடம் நிறுத்தி, கூடையை வாங்கி உங்கள் தலையில் மாட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும் நேரம் அவருடைய கிலோவிலிருந்து போகிறது. என் அம்மா இப்படியான நாட்களில் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு அரைக் கிலோ சிரிச்சே போச்சு" என்பார்.

எனவே ஓடுகிற வேலையை மறிக்காதீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு, நிறுக்கும் நேரத்துக்குப் போங்கள். காலை, மத்தியானம், பின்னேரம் என்று நிறுப்பார்கள். அப்போது வரிசையில் நிற்பார்கள், பேசலாம். வயதுக்கேற்ப அக்கா, அம்மா என்று கூப்பிடுங்கள். "படம் ஒன்னு எடுக்கலாமா?" என்று கேளுங்கள், முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். வீதியோர வியூ பொயின்றுகளில் கூடையோடு நிற்பவர்கள் வேறு, அவர்களுக்கு அதுதான் வேலை. அங்கே படத்துக்குக் காசு கொடுப்பது வழக்கம், கொடுங்கள்.

மலைக்குள் நடக்க வேண்டுமென்றால் தோட்ட ஆபீஸில் கேட்க வேண்டும். துரையை, அதாவது தோட்ட மேலாளரை, பார்க்க முடியாவிட்டாலும் கணக்குப்பிள்ளை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மருந்து அடித்த மலையா, செடியைத் தறித்துக் கவ்வாத்து வெட்டுகிறார்களா, குளவிக்கூடு இருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். குளவியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம், தோட்டத்தில் ஆள் செத்திருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். அது வீடு.

நடக்கவென்றே வருகிறவர்களுக்குப் பீக்கோ ட்ரெயில் இருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும். 300 கிலோமீட்டருக்கு மேல், 22 துண்டு. ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும்.

6. ஸ்டோரில் என்ன பார்ப்பது

எல்லா ஸ்டோரும் ஆட்களை உள்ளே விடாது. பார்வையாளருக்குத் திறந்தவற்றில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பீட்ரு, கண்டி வீதியில் லபுக்கலை, எல்லவுக்குப் பக்கத்தில் ஹல்பேவத்தை, ஹப்புத்தளைக்கு மேலே டம்பதென்ன எல்லாம் பெயர் பெற்றவை. முதல் நாளே அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: நாளைக்கு மெஷின் ஓடுமா? தமிழில் விளக்க ஆள் இருக்கிறாரா? ருசி பார்ப்பது டிக்கட்டுக்குள் அடங்குமா, தனிக் காசா?

உள்ளே வரிசை இது: மேல் மாடியில் வாட்டும் தொட்டிகள், கீழே உருட்டும் மெஷின், ஈரமான இலை செம்பு நிறமாக மாறும் இடம், அனல் அடுப்பு, சல்லடை. கூட்டத்தோடு ஓடாமல் மூன்றாவது இடத்தில் நில்லுங்கள். பரப்பிய இலையைக் குனிந்து முகர்ந்தால் பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழும்பும். இதை எப்போது நிறுத்தி அடுப்புக்கு அனுப்புவது என்பதில்தான் டீமேக்கரின் கெட்டித்தனம். மாமா கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், ஒரு பிடி அள்ளி மூக்கில் வைப்பார். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை, ஐந்து கிலோ கொழுந்து போகும் என்பதும் அந்த இடத்தில் நின்றால் உறைக்கும்.

நீண்ட உடுப்பு, தொங்கும் சால்வை, செருப்பு வேண்டாம். சென்ட் பூசிக்கொண்டு போகவே வேண்டாம். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

7. ருசி பார்க்கும் முறை

காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் அடித்துவிட்டுப் போனால் நாக்கு மத்தியானம் வரை எழும்பாது. பாணும் வாழைப்பழமும் போதும்.

சர்வதேச அளவு 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். வெள்ளைப் பீங்கானில் ஊற்றி, இலையை மூடியில் கவிழ்த்து வைப்பார்கள். முதலில் அந்த இலையைப் பாருங்கள்: பளிச்சென்று செம்பு நிறமா, மங்கிப் பச்சையா? பிறகு சாயத்தின் நிறம். பிறகு கரண்டியில் எடுத்துக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள், பெரிய சத்தத்தோடு. பிள்ளைகள் இந்த இடத்தில் சந்தோஷப்படுவார்கள். "வீட்டுல சத்தம் போட்டுக் குடிச்சா அடி விழும், இங்க சத்தம் வரலேன்னா வேலை போயிரும்" என்பார் மாமா. வாயில் சுழற்றித் துப்பிவிட வேண்டும். விழுங்கிக்கொண்டே போனால் ஆறாவது கோப்பையில் நெஞ்சு படபடக்கும்.

மெல்லியதில் தொடங்குங்கள்: நுவரெலியா, பிறகு திம்புளை, பிறகு ஊவா, கடைசியில் கண்டி. நுவரெலியாத் தேயிலை வெளிறிய பொன்னிறம். பால்தேத்தண்ணிக்குப் பழகியவர்கள் "இது தண்ணீர்" என்பார்கள். அக்காவும் அப்படித்தான் சொன்னார். பால் இல்லாமல், சீனி இல்லாமல், ஆறவிட்டு இரண்டாம் வாய் குடித்த பிறகு ஒன்றும் பேசவில்லை, கோப்பையை என் பக்கம் நீட்டினார். கண்டிப் பக்கத்துத் தேயிலை தடிப்பு, பாலுக்குப் பொருத்தம்.

8. வாங்கும்போது ஏமாறாமல்

இங்கேதான் அதிகம் பேர் விழுவார்கள். ஸ்டோருக்குப் பக்கத்துக் கடையில் விற்கும் பக்கற் எல்லாம் அந்த ஸ்டோரில் செய்தது என்று எண்ண வேண்டாம். இங்கே செய்யும் தேயிலையில் பெரும்பகுதி கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். கடையில் இருப்பது வேறு தோட்டங்களின் கலப்பாகவும் இருக்கலாம். நேராகக் கேளுங்கள்: "இது இந்த ஸ்டோர்த் தேயிலையா? எந்த மாதம் செய்தது?" திம்புளை என்றால் பெப்ரவரி, மார்ச், ஊவா என்றால் ஓகஸ்ட், செப்டெம்பர். திகதி சொல்லத் தெரியாதவரிடம் விலை கூடிய பக்கற் வாங்காதீர்கள்.

எழுத்துகளைக் கண்டு மயங்காதீர்கள். ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் எல்லாம் இலையின் அளவு, தரம் அல்ல. ஓ.பி. நீட்டு இலை, டஸ்ட் தூள். ஊவா, திம்புளை என்றால் பி.ஓ.பி. நம்பி எடுக்கலாம். அந்த ஓ என்பது ஒரேஞ்ச், ஆனால் தோடம்பழ வாசத்தைத் தேடாதீர்கள், பெயர் மட்டும்தான்.

வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்ப, தேயிலைச் சபையின் சிங்க முத்திரை உள்ள பக்கற்றை எடுங்கள். முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று அர்த்தம்.

வீதியோரத்தில் யாராவது பையில் கட்டி, "ஸ்டோரிலிருந்து எடுத்தது, பாதி விலை" என்றால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பெரும்பாலும் கழிவுத் தேயிலை, சீனிப்பாகும் நிறமும் சேர்ந்திருக்கலாம். அனுமதி இல்லாமல் கழிவுத் தேயிலை வைத்திருப்பது குற்றமும்கூட. வீட்டில் சந்தேகம் வந்தால் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். போட்டவுடன் சிவப்பாகக் கரைந்து ஓடினால் சாயம் சேர்ந்திருக்கிறது.

9. எங்கள் கணக்கு

2025 பெப்ரவரியில் ஆறு பேர், நான்கு பகல், மூன்று இரவு. ஹட்டனும் நுவரெலியாவும், கடைசி நாள் ஹப்புத்தளை. சாரதியோடு வேன் 72,000 ரூபா. அறை இரண்டு, ஓர் அறை ஓர் இரவுக்கு 9,000 வீதம் 54,000. சாப்பாடு 45,000, சாரதியின் சாப்பாடும் அதற்குள். டிக்கட்டும் ருசி பார்ப்பதும் 11,000, இதில் சித்தியின் பங்குதான் பெரிது. தேயிலை 14,000. மொத்தம் 1,96,000 ரூபா.

வேன் பேசும்போது மூன்றை எழுதி வாங்குங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், மிஞ்சினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, சாரதியின் தங்குமிடம் யார் பொறுப்பு. முதல் பயணத்தில் வாய்ப்பேச்சை நம்பியதில் கடைசி நாள் கணக்கு 8,500 கூடி வந்தது. சாரதி கூட்டிப்போகும் கடையில்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. அவருக்கு அங்கே கொமிஷன் இருக்கலாம். கோபிக்காமல் "வேற இடம் பாத்து வச்சிருக்கம்" என்று சொல்லுங்கள்.

10. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு

முதல் பயணத்தில் அக்கா ஊரிலிருந்து எங்களுக்குக் கருவாடு கொண்டுவந்திருந்தார். திரும்பும்போது அதே பையில் தேயிலையைப் போட்டுக் கட்டிவிட்டேன். சுன்னாகம் போய்த் திறந்தபோது என்ன மணத்தது என்று ஊகித்துக்கொள்ளுங்கள். பக்கற்றைத் தனிப் பையில் வைத்து, வீட்டில் தகர டப்பாவில், அடுப்புக்கும் மசாலாவுக்கும் தள்ளி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வேண்டாம்.

இன்னொரு முறைப்பாடு ஊருக்குப் போன பிறகு போனில் வந்தது. "தம்பி, அங்க குடிச்ச ருசி இங்க இல்லை. மேல ஏதோ ஆடை மாதிரிப் படியுது." தேயிலையில் பிழை இல்லை. யாழ்ப்பாணக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அது சாயத்தை மங்கவைத்து மேலே படலம் கட்டும். மலையில் ஊற்றுநீர் மென்மை. அதோடு 1,868 மீட்டர் உயர நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், ஊரில் 100. நுவரெலியாத் தேயிலைக்கு ஊரில் கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். சுண்ணாம்பு வடிகட்டிய தண்ணீரோ போத்தல் தண்ணீரோ பாவியுங்கள். அக்கா இப்போது மாரியில் கூரை மழைநீரை முதல் மழை விட்டுப் பிடித்து, கொதிக்கவைத்து, தேத்தண்ணிக்கென்று தனிப் பானையில் வைக்கிறார். அடுத்த ஓகஸ்டுக்குப் பசறைப் பக்கம் கேட்டிருக்கிறார், போயா இல்லாத கிழமையாகப் பார்த்து.